சூப்பர்லைட் 2-ஆ, வைப்பர் வி3 ப்ரோவா? கையில் பிடித்துப் பார்க்காமல் 15,000 போடலாமா?

திருச்சி_ஜெட்

வணக்கம் மக்களே. பல வருடமாக லாஜிடெக் ஜி502 ஹீரோ என்ற கேமிங் மவுஸ்தான் வைத்திருக்கிறேன், வயர் மாடல், 121 கிராம். மவுஸ் மேல் குறை ஒன்றும் இல்லை, இன்னும் கல்லு மாதிரி ஓடுகிறது. ஆனால் இப்போது வேலோரன்ட் என்ற ஷூட்டிங் கேம் மட்டும்தான் ஆடுகிறேன், சென்சிட்டிவிட்டியைக் குறைத்துக் குறைத்து மவுஸில் 800 டிபிஐ (ஒரு அங்குலம் நகர்த்தினால் 800 புள்ளி), கேமில் 0.35 என்று வந்து நிற்கிறேன். கணக்குப் போட்டால் ஒரு முழுச் சுற்றுக்கு 47 செ.மீ. இழுக்க வேண்டும், பின்னால் ஒருத்தன் வந்தால் திரும்புவதற்கே அதில் பாதி. இந்த எடையை இழுத்து இழுத்து ராத்திரி முடிக்கும்போது மணிக்கட்டு கடுகடுக்கிறது, போதாததற்கு வயர் மானிட்டர் ஸ்டாண்டில் போய் மாட்டிக்கொள்கிறது.

அதனால் ஒரே தடவை நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 2, ரேசர் வைப்பர் வி3 ப்ரோ, இந்த இரண்டில் ஒன்று. இரண்டுமே ஆஃபர் இல்லாத நாளில் 15,000 பக்கம் போகிறது. சென்னை வந்தபோது ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேட்டேன், டப்பாவைக் காட்டினார்கள், சீலைப் பிரித்தால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம்தான், ஆனால் கையில் பிடித்துப் பார்க்காமல் இவ்வளவு பணம் எப்படிப் போடுவது? யூடியூபில் எல்லோரும் 8கே, 8கே என்கிறார்கள், அதாவது மவுஸ் நொடிக்கு 8000 தடவை கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்புவது, அது நிஜமாகவே வேண்டுமா? வயர்லெஸ்ஸில் லேக் இருக்கும் என்று ரூம்மேட் பயமுறுத்துகிறான், அதையும் யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

வேளச்சேரி_வாசி

தம்பி, முதலில் கையை அள. மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் எத்தனை செ.மீ., அப்புறம் மவுஸை எப்படிப் பிடிக்கிறாய், உள்ளங்கை முழுக்க மேலே படுத்திருக்கிறதா, விரல்களை மடக்கி நகம்போல் பிடிக்கிறாயா, நுனி விரலால் மட்டுமா. இதைச் சொல்லாமல் எந்த மவுஸ் நல்லது என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது, சொல்பவர்கள் தங்கள் கைக்குப் பிடித்ததைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

நீ சொன்ன இரண்டும் அளவில் கிட்டத்தட்ட ஒன்றுதான். சூப்பர்லைட் 2 நீளம் 125 மி.மீ., வைப்பர் வி3 ப்ரோ 127, உயரம் இரண்டுமே 40-ஐ ஒட்டி. எடை 60 கிராம், 54 கிராம். நீ 121-லிருந்து வருகிறாய், உனக்கு அந்த 6 கிராம் வித்தியாசம் தெரியவே தெரியாது, இரண்டுமே காலி டப்பாவைத் தூக்கியதுபோல்தான் இருக்கும். வித்தியாசம் வளைவில்தான். சூப்பர்லைட் முட்டைபோல எல்லாப் பக்கமும் உருண்டது, எந்த இடத்திலும் குத்தாது, எந்த இடத்திலும் பிடிமானமும் அவ்வளவாகக் கொடுக்காது. வைப்பர் பக்கவாட்டில் கொஞ்சம் தட்டையாக வரும், கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இங்கேதான் வை என்று இடம் காட்டும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குச் சிறை.

இன்னொன்று. ஜி502-ல் கட்டைவிரலை வைக்க ஒரு திண்ணையே இருந்தது, வலது கைக்கென்றே செய்த மவுஸ் அது. அந்தப் பழக்கத்தில் உள்ளங்கையைப் படுக்க வைத்துப் பிடிப்பவன் என்றால் இந்த இரண்டையும் விட்டுவிட்டு டெத்ஆடர் வி3 ப்ரோவைப் பார். 63 கிராம்தான், 44 மி.மீ. உயரம், கை அப்படியே அதன் மேல் சாயும். லாஜிடெக்கிலேயே வேண்டுமென்றால் சூப்பர்லைட் 2 டெக்ஸ் என்று 2024-ல் ஒன்று விட்டார்கள், அதுவும் வலக்கை வளைவுதான்.

பிடித்துப் பார்க்க வழி கேட்டாயே, கேமிங் கஃபேக்குப் போ. நல்ல கஃபேக்களில் ஒரு சிஸ்டத்திலாவது இந்த ரக மவுஸ் இருக்கும், இல்லாவிட்டாலும் அங்கே ஆட வரும் பையன்கள் சொந்த மவுஸைப் பையில் கொண்டுவருவார்கள், ஒரு டெத்மேட்ச் ஆடிவிட்டுத் தருகிறேன் என்று கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். ஆன்லைனில் வாங்கினால் பட்டனை அமுக்குவதற்கு முன் ரிட்டர்ன் என்று போட்டிருக்கிறதா, ரீப்ளேஸ்மென்ட் மட்டுமா என்று பார். ரீப்ளேஸ்மென்ட் மட்டும் என்றால் கைக்குச் சேரவில்லை என்பது ஒரு காரணமே இல்லை, அதே மவுஸ்தான் திரும்ப வரும்.

சால்டரிங்_சாமி

வயர்லெஸ் லேக் கேள்விக்கு நான் வருகிறேன், மவுஸ் ரிப்பேர்தான் எனக்குப் பொழுதுபோக்கு.

ரூம்மேட் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. ஆபீஸ் ப்ளூடூத் மவுஸுக்கு இன்றைக்கும் உண்மை. ஆனால் இந்த மவுஸ்கள் ப்ளூடூத்தில் ஓடுவதில்லை, சொந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரோடு வருகின்றன, 1000 ஹெர்ட்ஸில் வைத்தால் மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை தகவல் போகிறது. நல்ல வயர் மவுஸும் அதே வேகம்தான். 2018-ல் 80 கிராமில் ஜி ப்ரோ வயர்லெஸ் வந்த பிறகு போட்டியாளர்களே வயரைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள், இன்றைக்குப் பெரிய டோர்னமென்ட் எதையாவது போட்டுப் பாருங்கள், மேசையில் வயர் மவுஸைத் தேட வேண்டும்.

ஆனால் லேக் வரும் ஒரு வழி உண்டு, அதை நாமே வரவழைக்கிறோம். ரிசீவரைக் கொண்டுபோய் கேபினட்டுக்குப் பின்னால், நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில், பக்கத்திலேயே ஹார்ட் டிஸ்க் கேபிளோடு செருகுகிறார்கள். யூஎஸ்பி 3.0 ஓடும்போது வரும் இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் போய் விழுகிறது, 2012-லேயே இன்டெல் இதை ஒரு ஆவணமாகவே வெளியிட்டது. இரும்புப் பெட்டி நடுவில், இரைச்சல் பக்கத்தில், மேலே வைஃபை ரூட்டர். மவுஸ் திக்கித் திக்கி ஓடினால் கம்பெனியைத் திட்டுகிறோம். டப்பாவிலேயே எக்ஸ்டென்ஷன் கேபிள் தருவார்கள், அதைப் போட்டு ரிசீவரை மேசை மேலே மவுஸ் பேடிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

சுவிட்ச் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 15,000 ரூபாய்க்கு நிஜமாகவே வாங்குவது அதைத்தான். பழைய ரக சுவிட்சில் ஒரு தகடு இன்னொரு தகட்டில் போய் அடிக்கும். அடிக்கும்போது சில மில்லிசெகண்ட் துள்ளும், அந்தத் துள்ளலை இரண்டாவது கிளிக் என்று எண்ணிவிடக் கூடாது என்று ஃபர்ம்வேர் (மவுஸுக்குள் இருக்கும் மென்பொருள்) கொஞ்சம் காத்திருக்கும். வயர்லெஸ் மவுஸில் பேட்டரியை மிச்சம் பிடிக்க மின்சாரம் மிகக் குறைவாகத்தான் ஓடும், அந்தக் குறைந்த மின்சாரம் தகட்டில் படியும் ஆக்சைடைச் சுத்தம் செய்யப் போதாது, நாளாக ஆக ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை அடிக்கும். என்னிடம் வரும் மவுஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் நோய், பிராண்ட் பேதம் கிடையாது. ஆப்டிகல் சுவிட்சில் தகடு தகட்டைத் தொடுவதே சிக்னல் இல்லை, ஒளிக்கற்றை மறைகிறதா திறக்கிறதா என்பதுதான் கணக்கு, அதனால் துள்ளலும் இல்லை ஆக்சைடும் இல்லை. வைப்பர் வி3 ப்ரோவில் இருப்பது ஆப்டிகல். சூப்பர்லைட் 2-ல் லைட்ஃபோர்ஸ் என்று ஒரு கலப்பு, சிக்னல் ஒளியில், கிளிக் உணர்வு மட்டும் தகட்டில். இரண்டில் எது வாங்கினாலும் டபுள் கிளிக் பயம் பெரிதாக வேண்டாம். பழைய முதல் சூப்பர்லைட் இப்போது விலை இறங்கிக் கிடக்கிறதே என்று சபலப்பட்டால், அதில் இருப்பது தகட்டு சுவிட்ச், சார்ஜ் போர்ட்டும் பழைய மைக்ரோ யூஎஸ்பி, யோசித்துக்கொள்ளுங்கள்.

சில்லறை_மன்னன்

நான் சொன்னால் எல்லோரும் அடிக்க வருவீர்கள், பரவாயில்லை. 15,000 ரூபாய் மவுஸ் எதற்கு? அட்டாக் ஷார்க் எக்ஸ்3, விஎக்ஸ்இ ஆர்1 ப்ரோ, இவற்றில் எல்லாம் பிக்ஸ்ஆர்ட் 3395 சென்சார் இருக்கிறது. அந்த சென்சார் நொடிக்கு 650 அங்குலம் வரை பிசகாமல் படிக்கும், அதாவது 16 மீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் கையை வீசினால் எதிரி சாகிறானோ இல்லையோ மானிட்டர் செத்துவிடும். 26,000 டிபிஐ, 35,000 டிபிஐ என்று டப்பாவில் போடுவதும் அப்படித்தான், நீங்களே 800-ல் ஆடுகிறீர்கள். மிச்சப் பணத்தில் மானிட்டர் வாங்குங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் படம் மாறுவதற்கே 16.7 மில்லிசெகண்ட், அங்கே உட்கார்ந்து மவுஸில் அரை மில்லிசெகண்ட் மிச்சம் பிடிக்கிறீர்கள்.

ப்ரோ ப்ளேயர் வைத்திருக்கிறார் என்றும் வாங்காதீர்கள். வேலோரன்ட் வீரர் டென்ஸ் 2022-ல் ஃபைனல்மவுஸோடு சேர்ந்து தன் பெயரில் ஒன்று போட்டார், அப்புறம் பல்சரோடு இன்னொன்று. அவருக்கு மவுஸ் சும்மா வருகிறது, நமக்கு இஎம்ஐயில் வருகிறது.

வேளச்சேரி_வாசி

மன்னன் சொல்வதில் சென்சார் பகுதி முழுக்கச் சரி, அதில் சண்டையே இல்லை. ஆனால் விலை போவது சென்சாருக்கு இல்லையே. மலிவு மவுஸில் மேல்கூட்டை அமுக்கினால் பக்கவாட்டு பட்டன் தானாக அழுந்துவது, சாஃப்ட்வேர் பாதி வேலை செய்வது, பழுதானால் யாரிடம் கொடுப்பது என்றே தெரியாதது, இதெல்லாம் டப்பாவில் எழுதியிருக்காது. சிலருக்கு அருமையாக வந்து மாட்டும், சிலருக்கு வராது. மானிட்டர் யோசனை மட்டும் தங்கம். தம்பி, உன் மானிட்டர் என்ன?

இடக்கை_ஓமன்

நடுவில் ஒரு புலம்பல். ஆம்பிடெக்ஸ்ட்ரஸ், அதாவது இரண்டு கைக்கும் பொருந்தும் வடிவம் என்று இந்த இரண்டையும் விற்கிறார்கள், ஆனால் பக்கவாட்டு பட்டன் இரண்டும் இடது பக்கத்தில் மட்டும். இடது கையில் பிடித்தால் கட்டைவிரல் மொட்டைச் சுவரைத் தடவிக்கொண்டிருக்கும். 2018 ஜி ப்ரோ வயர்லெஸ்ஸில் பட்டனை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம், 2019 வைப்பர் அல்டிமேட்டில் இரண்டு பக்கமுமே பட்டன் இருந்தது. கிராமைக் குறைக்கிறேன் என்று முதலில் எங்களைத்தான் குறைத்தார்கள். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வலது கைக்காரர்கள் தொடருங்கள்.

யிஷூன்_தமிழன்

சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே சில கடைகளில் மவுஸ்களைத் திறந்து வைத்திருப்பார்கள், வரிசையாகப் பிடித்துப் பார்த்துவிட்டு வரலாம். யாராவது சொந்தக்காரர் வந்தால் கொண்டுவரச் சொல்லலாம் என்று தோன்றும், அதில் ஒரு எச்சரிக்கை. வாங்கிய நாட்டில்தான் வாரண்டி என்பார்கள், அங்கே பழுதானால் மறுபடி விமானம் ஏற்ற வேண்டும். மிச்சமாவது சில நூறு ரூபாய் என்றால் திருச்சியிலேயே பில் போட்டு வாங்குங்கள்.

8கே கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லிசெகண்ட், 8000 என்றால் 0.125. லாபம் மில்லிசெகண்டுக்கும் கீழே. அதற்கு விலை என்ன என்றால், ரேசரே வைப்பர் வி3 ப்ரோவுக்குக் கொடுத்திருக்கும் கணக்கு, 1000-ல் 95 மணி நேரம் நிற்கும் பேட்டரி 8000-ல் 17 மணி நேரம். பிராசஸருக்கும் வேலை கூடும், ஏனென்றால் நொடிக்கு 8000 தடவை அதன் கதவைத் தட்டுகிறீர்கள். 240 ஹெர்ட்ஸுக்கு மேல் மானிட்டரும் புது பிராசஸரும் இருந்தால் 4000 வரைக்கும் வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் 1000 தாராளம்.

திருச்சி_ஜெட்

எல்லோருக்கும் நன்றி. கை 18.5 செ.மீ., விரலை மடக்கித்தான் பிடிக்கிறேன், உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் மவுஸின் பின்பக்கத்தில் படும். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ். மன்னன் அண்ணா, மானிட்டர் மாற்ற மாட்டேன், மன்னிக்கவும்.

வேளச்சேரி அண்ணா சொன்னபடி கஃபேயில் கேட்டேன். ஒரு பையனிடம் சூப்பர்லைட் 2 இருந்தது, காலேஜ் சீனியர் ஒருவரிடம் வைப்பர் வி3 ப்ரோ. இரண்டையும் கேமின் பயிற்சி ரேஞ்சில் ஆடிப் பார்த்துவிட்டு வைப்பரை வாங்கிவிட்டேன். சூப்பர்லைட்டில் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் விடாமல் சுட்டு ஸ்ப்ரே பண்ணும்போது மோதிர விரல் வழுக்கி வழுக்கி இடம் தேடியது. வைப்பரில் தேடவில்லை. அவ்வளவுதான் காரணம், சென்சார் எண்ணை எல்லாம் அப்போது நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆடிப் பார்த்த கதை. முதல் சில நாள் படுமோசம். கை 121 கிராமைத் தள்ளிப் பழகியிருக்கிறது, அதே வேகத்தில் தள்ளினால் குறி பார்க்கும் கிராஸ்ஹேர் தலையைத் தாண்டிப் போய் அடுத்த தெருவில் நிற்கிறது. சென்சிட்டிவிட்டியைக் குறைக்கலாமா என்று கை பரபரத்தது, சீனியர்தான் எதையும் மாற்றாதே, கை தானாக வரும் என்றார். வந்துவிட்டது. இப்போது எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது ஃபிளிக், அதாவது சட்டென்று குறிக்குத் தாவுவது இல்லை, நிறுத்துவது. ஒருத்தன் திடீரென்று திசை மாற்றினால் மவுஸைப் பிரேக் போட்டு எதிர்ப்பக்கம் இழுப்பது முன்பு ஒரு வேலை, இப்போது அது வேலையாகவே தெரியவில்லை. மணிக்கட்டு வலியும் குறைந்திருக்கிறது, ஆனால் அதே நேரத்தில் நாற்காலி உயரத்தையும் சரி செய்தேன், அதனால் எல்லாப் புண்ணியத்தையும் மவுஸுக்கே எழுத மாட்டேன். ரேங்க் ஏறியதா என்று கேட்காதீர்கள், பிளாட்டினம் 2-லேயே இருக்கிறேன், டீமில் ஒருவன் மைக் போட்டால் அதைவிட அதிகம் ஏறும்.

8கே போட்டுப் பார்த்தேன். என் பிராசஸர் பழையது, மவுஸை வேகமாகச் சுற்றும்போது ஃபிரேம் கண்ணுக்குத் தெரிந்தே விழுந்தது. 2000-ல் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் 1000-க்கும் அதற்கும் எனக்கு வித்தியாசமும் தெரியவில்லை, 1000-க்கே வந்துவிட்டேன். ரிசீவரை மேசை மேலே பேட் ஓரத்தில் வைத்திருக்கிறேன், திக்கல் ஒரு தடவைகூட இல்லை.

பிடிக்காதது இரண்டு. ரிசீவர் ஒரு பெரிய வட்டமான பொத்தான் மாதிரி, கேபிளோடு சேர்ந்து வருகிறது, மவுஸுக்கு உள்ளே வைத்துக்கொள்ள இடமே இல்லை. ஊருக்குப் போகும்போது தனியாகப் பத்திரப்படுத்த வேண்டும், சூப்பர்லைட்டில் அடியில் ஒரு மூடிக்குள் ரிசீவரைப் போட்டுக்கொள்ளலாம், அது நல்ல யோசனை. இரண்டாவது, டிபிஐ பட்டன் அடிப்பக்கம். ஆட்டத்துக்கு நடுவில் தெரியாமல் அழுந்தாது என்பது நல்லதுதான், ஆனால் போட்டோ எடிட் பண்ணும்போது ஒவ்வொரு தடவையும் கவிழ்க்க வேண்டும்.

ஒரு சந்தேகம். இந்த வெயிலில் கை வியர்த்து மவுஸும் வழுக்குகிறது, துணி பேடும் சாயங்காலத்துக்கு மேல் இழுக்கிறது. டப்பாவில் வந்த கிரிப் டேப்பை ஒட்டலாமா?

சால்டரிங்_சாமி

தாராளமாக ஒட்டுங்கள், ஒட்டுவதற்கு முன் எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் உரிந்து அழுக்கைச் சேர்க்கும். பேட் இழுப்பது வியர்வை மட்டுமில்லை, காற்று ஈரத்தைத் துணி குடிக்கிறது, கடலோர ஊர்களில் இது இன்னும் மோசம். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டு அலசி நிழலில் நன்றாகக் காய வைத்துப் பாருங்கள், புதிது மாதிரி ஓடும். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஈரம் குடிக்காத பரப்புள்ள ஹைப்ரிட் பேடுக்கு மாறலாம், ஆனால் அது வேகம், மறுபடி கை பழக வேண்டும். கையோடு விண்டோஸில், கை வேகத்துக்கேற்ப கர்சர் வேகத்தை மாற்றும் என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷனில் டிக் இருக்கிறதா பாருங்கள். வேலோரன்ட் அதைக் கண்டுகொள்ளாது, மவுஸ் தகவலை நேராக எடுக்கும் ரா இன்புட்தான், ஆனால் டெஸ்க்டாப்பில் ஒரு மாதிரியும் கேமில் ஒரு மாதிரியும் இருந்தால் கை குழம்பும்.

யிஷூன்_தமிழன்

எப்போதாவது பிராசஸர் மாற்றி 8கே முயற்சி செய்தால், வேலோரன்ட் செட்டிங்ஸில் ரா இன்புட் பஃபர் என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்துவிட்டுப் பாருங்கள். அதிக போலிங் ரேட், அதாவது நொடிக்கு அதிக தடவை தகவல் அனுப்பும் மவுஸுக்காகவே வைத்தது அது.

சில்லறை_மன்னன்

வாங்கியாச்சு, வாழ்த்துகள். சார்ஜ் கேபிளையே போட்டுவிட்டு வயரிலும் ஆடலாமா? ராத்திரி நடு ஆட்டத்தில் பேட்டரி தீர்ந்தால்?

திருச்சி_ஜெட்

ஆடலாம் அண்ணா, டைப் சி போர்ட் மூக்கிலேயே இருக்கிறது, கேபிளும் மெல்லிசுதான். ஆனால் கேபிள் ஒன்றுதான் தருகிறார்கள், அது ரிசீவரில் மாட்டியிருக்கும், அதைக் கழற்றி மவுஸில் செருக வேண்டும். போனுடைய கேபிள் அந்தக் குழிக்குள் முழுசாகப் போகவில்லை, தலை தடிமன். மெல்லிய தலையுள்ள கேபிள் ஒன்று தனியாக வாங்கப் போகிறேன், யாருக்காவது நல்லதாகத் தெரிந்தால் சொல்லுங்கள், 300 ரூபாய்க்குள்.